பெரியப்பாவின் மழை நாட்கள்

மழை நாளில், கட்டிய வீடுகளைப் பார்க்கப் போகலாம் என்ற எண்ணம் எனக்கு வந்ததே பொறாமையில்தான். நேற்று பரமத்தி வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் கட்டிக்கொடுத்த வீடு ஒன்றில் ஒதுங்கினேன். வீட்டுக்கார அம்மா டீ கொடுத்துவிட்டு வாசலையே பார்த்தார்.

"மழைன்னா உங்க பெரியப்பா கூப்பிடாமயே வந்துருவாருங்க. தளம் ஒழுகுதான்னு அண்ணாந்து பாத்துப்போட்டு, டீ குடிச்சுப்போட்டுத்தான் போவாரு."

எங்கள் குடும்பத்தின் கட்டிடத் தொழிலைத் தொடங்கி, எண்பதைத் தாண்டியும் நடத்திய பெரியப்பா போன கோடையில்தான் காலமானார்.

"இந்த ஊட்டுக்கு பிளான் போட்டது நானுங்க," என்றேன்.

"அப்படிங்களா சாமி? பெரியவரு ஊடுன்னுதான் ஊரே சொல்லுது!" என்று சிரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. காற்றோட்டம், வெளிச்சம், மாடிப்படி எல்லாம் நான் இரவு பகலாக வரைந்தவை. அவரோ மழையில் நனைந்தபடி வந்து போனார், அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தபோதும் பொறாமை, இறந்த பிறகுமா?

இன்று சேலத்தில் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அம்மாபேட்டையில் அவர் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. பைக் சாவியை எடுத்துவிட்டேன். முதலில் தளத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு, டீ கொடுப்பவர் வாசலைப் பார்க்கிறாரா, என்னைப் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும்.