பிள்ளைக்கு ஒரு சீட்

இன்டர்வியூவில் எதை முதலில் கேட்கக் கூடாதோ அதைத்தான் நான் முதலில் கேட்டுத் தொலைப்பேன். "என் பிள்ளைக்கு உங்க ஸ்கூல்ல சீட் உண்டா?" அவ்வளவுதான், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். கணக்கு டீச்சர் தேவை என்று விளம்பரம் கொடுத்தவருக்குக் கணக்கு டீச்சர் மட்டும்தான் தேவை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை தேவையில்லை. அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வருவதற்குள் நல்ல நல்ல வேலையெல்லாம் கைநழுவிப் போனது.

என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனபோது மகளுக்கு ஒன்றரை வயது. சாத்தூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் வாடகையும் பாலும் போக மிஞ்சியது தெருவில் கிடைத்த "வணக்கம் டீச்சர்" மட்டும்தான். அப்போதுதான் மாலத்தீவில் ஆசிரியர் வேலை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. திருவனந்தபுரம் போய் இன்டர்வியூ கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒரு வீட்டில் மூன்று டீச்சர்கள் சேர்ந்து தங்க வேண்டும், பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சாத்தூரிலேயே இருந்த என் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "எங்கிட்ட விட்டுட்டுப் போ. நீ போயி நிமிந்து வா" என்றாள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் கிளம்பிய அதே வாரம் அவள் ஆபீஸை விட்டு நின்றுவிட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். பிள்ளை கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்தத் தீவில் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கடல். ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று சண்டை போட்டு வளர்ந்தவள் நான், அம்புட்டுத் தண்ணீரையும் பார்த்தால் எனக்கு ரசனை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காலையில் மீன், மதியம் மீன், ராத்திரியும் மீன். ஆனால் பாடம் எடுப்பது பிடித்திருந்தது. அங்கே நடத்தியது வெளிநாட்டு ஓ லெவல் பாடத்திட்டம். அந்த அனுபவம் இருந்தால்தான் அடுத்து ஏதாவது இன்டர்நேஷனல் ஸ்கூலில் நம்மை வாசலுக்குள்ளேயே விடுவார்கள் என்று கூட இருந்த நாகர்கோவில் டீச்சர் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் போடுவேன். மகள் முதலில் அழுதாள். பிறகு ரைம்ஸ் சொன்னாள். பிறகு "டிவில படம் ஓடுது, வைக்கட்டா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து ஒரு டிசம்பரில் ஊருக்குத் திரும்பினேன். வாசலில் நின்ற மகள் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் கொல்லைப்பக்கம் திரும்பி, "ஏ பெரியம்மா, எங்கன போன? அம்மா வந்துட்டாக" என்று கத்தினாள். பெரியம்மாவுக்கு 'நீ', எனக்கு 'வாங்க'. விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி என் பிள்ளை எனக்கு மரியாதை கொடுத்துவிட்டாள். இனி எங்கே போனாலும் இவளோடுதான், இவளுக்கு இடம் இல்லாத பள்ளிக்கூடம் தங்கத்தில் கட்டியிருந்தாலும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். விளம்பரங்களைத் தேடிப் பிடித்து, கட்டம் கட்டமாக விவரங்களை நிரப்பி, கடைசிப் பட்டனை அமுக்கப் போகும்போது கரண்டு போகும். மறுபடியும் பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதில் எழுதிய சில பள்ளிகளும் போனில் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்றன. சொல்லியும் அனுப்பவில்லை, ஆளையும் அனுப்பவில்லை.

என் பாட்டைப் பார்த்து மனசு பொறுக்காமல் அத்தான் ஒரு காரியம் செய்தார். அக்கா வீட்டுக்காரர் அவர், சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. என் பயோடேட்டாவை ஒரு நாள் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து ஒரு பண்டலோடு இறங்கினார். பிரித்துப் பார்த்தால் வழவழ ஆர்ட் பேப்பரில், நாலு கலரில், சுற்றிலும் தங்கநிற பார்டர் போட்டு என் பயோடேட்டா. மூலையில் என் போட்டோ, பின்னால் நீல வானம். மொத்தம் ஆயிரம் காப்பி.

"அத்தான், பத்து பேருக்கு அனுப்பப் போறேன். ஆயிரம் எதுக்கு?"

"ஆயிரத்துக்குக் கொறஞ்சா எவன் அச்சுக்குப் பிளேட் போடுவான்? மொதலாளிகிட்டச் சொல்லி, காலண்டர் ஆர்டர் ஓடும்போது ஓரத்துல சேத்து ஓட்டுனது. பாருங்க, கலரு எம்புட்டு எடுப்பா வந்திருக்கு."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு நான் என்ன சொல்ல? எங்கள் ஊர்க்காரருக்கு ஒன்றின் மேல் மதிப்பு இருந்தால் அதை நாலு கலரில் அடிக்காமல் இருக்க முடியாது. நாலைந்தை எடுத்துக்கொண்டேன். மீதியை அக்கா அலமாரித் தட்டுகளில் விரித்தாள், மகள் பின்பக்கத்தில் படம் வரைந்தாள்.

சென்னையில் ஒரு ஹோட்டலில் மஸ்கட் பள்ளி ஒன்றின் இன்டர்வியூ நடந்தது. நான் கொண்டுபோன சாதாரணக் காகிதம் ரயிலில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து ஊறிவிட்டது. வேறு வழியில்லாமல் அத்தான் அடித்ததை நீட்டினேன். பிரின்சிபால் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்: நான் சிவகாசிப் பக்கம், அத்தான் பிரஸ்ஸில் இருக்கிறார், பிரியத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் பயம் விட்டுப்போனது. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன், போர்டில் ஒரு பாடம் நடத்திக் காட்டினேன். எல்லாம் முடிந்து எழுந்த பிறகு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு என் கேள்வியைக் கேட்டேன். "ஒரு பிள்ளைக்கு சீட் உண்டு. விசாவும் டிக்கெட்டும் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். ரயிலில் ஊர் வந்து சேரும் வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை உறுதி என்று மெயில் வந்ததும் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னேன். புது ஊர், பெரிய பள்ளிக்கூடம், அம்மாவும் நீயும் ஒரே பஸ்ஸில் போகலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"பெரியம்மாவும் வருதா?"

"இல்லம்மா. லீவுக்கு வந்து பாத்துக்கலாம்."

"அப்ப நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

கெஞ்சினேன், பொம்மை வாங்கிக் கொடுத்தேன், அதட்டினேன். பாஸ்போர்ட் போட்டோவில்கூட அழுது வீங்கிய முகம்தான். தூங்கும்போது அக்காவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். உருவினால் முழித்துக்கொள்வாள். பிள்ளையைக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. மறுபடி அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வேலை வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் குழாய்க்குக் காகிதம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மகள் பாலைக் கொட்டிவிட்டாள். அக்கா அவளை இதுவரை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியவள் இல்லை. அன்றைக்கு, "கண்ணு பொடதியிலயா இருக்கு கழுத? தொடைச்சு எடு" என்றாள். பிள்ளை அரண்டுபோனாள். அதோடு நிற்கவில்லை. தலை சீவும்போது முடியை வெடுக்கென்று இழுத்தாள். சோற்றுக்கு உட்கார்ந்தால், "எனக்குச் சோலி கெடக்கு, உங்கம்மாகிட்டப் போ" என்று விரட்டினாள். படுக்கும்போது பிள்ளை முந்தானையைப் பிடித்தால், "ஏய், விடு. புழுக்கமா இருக்கு, அங்கிட்டுப் போயிப் படு" என்று கையைத் தட்டிவிட்டாள். பிள்ளை விசும்பிக்கொண்டே என் பாயில் வந்து விழுந்தது.

பத்து நாள் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஒரு மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு எம்மேல கோவம்னா என்னை நாலு அடி அடி. வளத்த பிள்ளைய எதுக்கு இந்தப் பாடு படுத்துற?"

அவள் கை நிற்கவில்லை. ஒரு குழாயைச் சுருட்டி ஒட்டிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க என்ன செய்வாக? மார்ல வேப்பெண்ணெயத் தடவுவாகல்ல? ரெண்டு நாளு அழும். பெறகு தன்னால விட்டுரும்." அடுத்த காகிதத்தை எடுத்தாள். "நான் பால் குடுத்தவ இல்ல, எனக்கு மார்ல தடவ ஒண்ணுமில்ல. அதான் வாயில தடவிக்கிட்டேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப உன் பாயிலதான படுக்குது? அதப் பத்திரமாப் பாத்துக்கோ. வேலை வேணாம்னு எதையும் எழுதித் தொலைக்காத. பிள்ளைகிட்டயும் இதச் சொல்லிராத, அங்கன போயி வேரு பிடிக்கட்டும். எந்திரி, முகத்தக் கழுவு. அது வர்ற நேரமாச்சு."

நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். "பசையெல்லாம் கொட்டிரும், தள்ளு" என்று சொல்லிவிட்டாள்.

கிளம்பிய அன்று சாத்தூர் ஸ்டேஷனில் அத்தான்தான் பெட்டிகளை ஏற்றினார். அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "தண்ணியச் சிந்தாமக் குடி. அம்மாவப் படுத்துன, தொலைச்சிருவேன்" என்று மகளை மிரட்டினாள். மகள் ஏறி, பிளாட்பாரம் தெரியாத அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரயில் நகர்ந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா நினைத்தது நடந்துவிட்டது. சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மஸ்கட்டில் எங்களுக்கு ஒரு சின்ன பிளாட் கொடுத்தார்கள். இருட்டோடு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, இவளைக் குளிப்பாட்டி, பள்ளி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். வகுப்பில் எட்டு நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், ஒவ்வொருவர் இங்கிலீஷும் ஒரு மாதிரி. என் இங்கிலீஷ் சாத்தூர் மாதிரி. முதல் பருவம் முழுக்க எந்த நிமிடம் வீட்டுக்கு அனுப்புவார்களோ என்ற பயத்திலேயே பாடம் எடுத்தேன். இடைவேளையில் சின்னப் பிள்ளைகளின் மைதானம் வரை போய் எட்டிப் பார்ப்பேன். மகள் தனியாக நிற்பாள். பிறகு ஒரு நாள் ஒரு சூடான் பிள்ளையோடு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கியது.

பெரியம்மாவைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் போட்டுக் கொடுத்தால், "நான் பேசல, அது திட்டும்" என்று அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். அக்காவும் கூப்பிடச் சொல்ல மாட்டாள். "சாப்பிடுதா? அழுகுதா?" என்று மட்டும் கேட்பாள். அழவில்லை என்று சொல்வேன். "நல்லது" என்று வைத்துவிடுவாள். அந்த 'நல்லது' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். இப்படியே அந்த வருடம் ஓடிப்போனது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா பேச்சை மீறி, ஒரு வெள்ளிக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேப்பெண்ணெய், பால் மறக்கடிப்பது, வாயில் தடவிக்கொண்ட கசப்பு, எல்லாம். அவள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப பெரியம்மாவுக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"இல்லடா தங்கம்."

"நான் இங்க இருக்கணும்னுதான் திட்டுச்சா?"

"ஆமா."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "போன் போடுங்க" என்றாள். ஊருக்குப் போகிறேன் என்று அழப்போகிறாள், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்தேன். ஆனாலும் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். 'பெரியம்மா' என்ற மகளின் குரலைக் கேட்டதும் அக்கா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "என்ன கழுத, போன எதுக்குப் பிடுங்குற? உங்கம்மாகிட்டக் குடு" என்றாள்.

"இனிமே திட்ட வேணாம் பெரியம்மா" என்றாள் மகள். "நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துக் காதில் வைத்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.