வெள்ளிக்கிழமை போத்தோங்

ரோலண்ட் அண்ணனோடு நான் பதினோரு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்கு எந்தக் கார் பிடிக்கும், எந்த ஓட்டுநரைக் கண்டால் ஆகாது, மழையில் ரேஸ் நடந்தால் எத்தனையாவது சுற்றில் டயர் மாற்றச் சொல்வார், எல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதை எழுதும்போதே என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜொகூர் பாருவின் தம்போயில் செல்வராணி அக்கா சாப்பாட்டுக் கடையின் ஓர மேசை எங்களுடையது. திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேர் கூடுவோம். ஃபேக்டரி பஸ் ஓட்டும் ஹேமநாதன், ஏர்கோன் பழுது பார்க்கும் நான், அறுபத்திரண்டு வயது ரோலண்ட் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை டிவியில் முடிந்துபோன கார் ரேஸைத் திங்கட்கிழமை நாங்கள் வாயாலேயே மறுபடி ஓட்டுவோம். அண்ணன் சிவப்புக் கார் கட்சி. நான் நீலம். ஹேமநாதனுக்குக் கட்சி கிடையாது, மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் அவன் வேலை.

அண்ணன் பிறந்தது ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் ஜொகூர் பாருவுக்கு வந்து, தம்போயில் ஒரு டயர் கடையில் சேர்ந்து, அங்கேயே முப்பத்தெட்டு வருஷம் குனிந்து நிமிர்ந்தவர். முதலாளி கடையில் டிவி வைத்தபோதுதான் ரேஸ் பைத்தியம் பிடித்ததாம். செப்பாங்கில் ரேஸ் நடந்த காலத்தில் ஒரே ஒரு தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் காதில் ஏறிய சத்தம் ஒரு வாரம் இறங்கவில்லை என்று குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஓட்டுநர்களின் சொந்தப் பெயர் அவர் வாயில் நுழையாது. நுழைந்தாலும் சொல்ல மாட்டார். அவருக்கு ஒவ்வொரு டீமும் ஒரு தோட்டம். ரேடியோவில் உத்தரவு போடுகிற ஆள் கங்காணி. சிவப்புத் தோட்டத்தின் மூத்த ஓட்டுநர் துரை. நீலத் தோட்டத்தில் இருபத்தொரு வயதில் எல்லோரையும் முந்திக்கொண்டிருந்த என் ஆள் பொடியன். ஒரே டீமில் ஓடுகிற இரண்டாவது கார்க்காரனுக்கு அவர் வைத்த பெயர் துணை. நாளடைவில் எங்கள் மூவருக்கும் அதுவே பாஷையாகிவிட்டது. வெளியாள் பக்கத்து மேசையில் இருந்து கேட்டால் ஏதோ ரப்பர் தோட்டத்துத் தகராறு என்றுதான் நினைப்பான்.

"கங்காணி பேச்சக் கேட்டு மூணாவது தடவ டயர் மாத்துறான். உருப்படுவானா உங்க துரை?" என்பேன்.

"உன் பொடியனுக்குப் புது டயர். ஓட்டத் தெரியாதவன்கூட ஓட்டுவான் லா. துரைய அதே டயர்ல விட்டுப் பாரு," என்பார்.

எல்லாம் டயரில்தான் வந்து முடியும். ஆத்திரத்தில் நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போன நாட்களும் உண்டு. அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவர் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் சீசன் முடிய மூன்றே ரேஸ் பாக்கி இருந்தபோது பொடியன் ஏழு பாயிண்ட் முன்னால் இருந்தான். துரைக்கு வயது முப்பத்தெட்டு. இதை விட்டால் அவனுக்கு இன்னொரு சீசன் கிடையாது என்று ஊரே பேசியது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் அவர் இடது காலில் கட்டுப் போட்டு, கட்டுக்கு மேல் சிலிப்பர் மாட்டி, நொண்டிக்கொண்டு வருவார். அதையும் நான் விடவில்லை.

"என்னாண்ணே, பஞ்ச்சரா?"

"ஆமா லா, மெல்ல காத்து எறங்குது."

மூன்று பேரும் சிரித்தோம். சீனி வியாதி இருக்கிறது என்று தெரியும். சர்க்கரை இல்லாத தேநீர்தான் குடிப்பார். காலில் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டது செல்வராணி அக்கா ஒருவர்தான். "புண்ணு ஆறலம்மா," என்று அவரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி ரேஸ் பேசினார்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. அண்ணன் அன்றைக்குத் தாமதமாக வந்தார். உட்கார்ந்தவர் தேநீர்கூடச் சொல்லவில்லை.

"வெள்ளிக்கெழம போத்தோங்," என்றார்.

போத்தோங் என்கிற மலாய் வார்த்தை இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஆகும். கோழியை வெட்டினாலும் போத்தோங், சம்பளத்தில் பிடித்தாலும் போத்தோங், ரோட்டில் ஒரு காரை இன்னொரு கார் முந்தினாலும் போத்தோங். எங்கள் மேசையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ரேஸில் முந்துவது.

"வெள்ளிக்கெழம போத்தோங் பண்ணி என்னாண்ணே பிரயோஜனம்?" என்று நான் பாய்ந்தேன். "அன்னிக்கிச் சும்மா ஓட்டிப் பாக்குற நாளு. பாயிண்டே கெடையாது. ஞாயித்துக்கெழம போத்தோங் பண்ண துரைக்குத் துப்பு இருக்கா, அதச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். "அது இல்ல தம்பி. துணைக்கு யாராச்சும் இருக்கணும்னு சொல்றாங்க."

"துணையா? போன ரேஸ்ல செவுத்துல முட்டிக்கிட்டு நின்னானே, அவனா? அவன நம்புனா வெளங்கிரும்!"

ஹேமநாதன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அவரும் சிரித்தார்.

"ஆமா லா. துணைய நம்ப முடியாது," என்றார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் துரைக்காக என்னோடு மல்லுக்கு நின்றார். அன்றைக்கு அவர் பேச்சில் வழக்கத்தைவிட வேகம் இருந்தது. நானும் ஒரு பிடி கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு மணிக்கு எழுந்து, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தேன்.

அவர் சொன்னது தன் காலை. புண் எலும்புவரை போய்விட்டது, வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், துணைக்கு ஓர் ஆள் கூட்டி வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தாராம். வந்து சொல்லியும் விட்டார். கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை. வியாழக்கிழமை ஒரு துணிப்பையோடு தனியாக வாடகைக் கார் பிடித்துப் போய்ப் படுத்துக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் கடைசிச் சுற்றுவரை துரைதான் முதலில் ஓடினான். கடைசித் திருப்பத்தில் பொடியன் உள்பக்கமாகப் புகுந்து முந்திவிட்டான். நான் சோபாவில் இருந்து துள்ளி எழுந்தேன். போனை எடுத்து எங்கள் மூவர் குரூப்பில் போட்டேன்: "போத்தோங் ஆச்சா அண்ணே?" பக்கத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் மூஞ்சி மூன்று.

பதில் வரவில்லை. திங்கட்கிழமை அவரும் வரவில்லை.

"கோவம் லா," என்றான் ஹேமநாதன். "துரை தோத்தா இவரு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவாரு."

"தோல்விய ஏத்துக்கத் தெரியணும்லா," என்று நான் நியாயம் பேசினேன். ஆனால் பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. பேச்சு ஓடவில்லை. ஹேமநாதன் என்ன சொன்னாலும் எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. மலாயில் ஒரு பெண், "நீங்கள்தான் வாரிஸா?" என்று கேட்டாள். மலாயில் அது நெருங்கிய உறவினர், என் காதில் சொத்து வாரிசு என்றுதான் விழுந்தது. யாருக்கோ வாரிசு, சொத்து இருக்கிறது, பேங்க் நம்பர் சொல்லு என்று ஏமாற்றுகிற கூட்டம்தான் என்று சடாரென்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தாள். திட்ட வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரி பேரையும் வார்டு நம்பரையும் சொல்லி, ரோலண்ட் என்று கால் எடுத்த நோயாளி, வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேச வேண்டும் என்றாள். கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போனேன். வார்டு வாசலில் இருந்த நர்ஸ், எங்கள் ஊர்ப் பேச்சில் மிஸ்ஸி, நோயாளி விவரப் பாரத்தை எடுத்து நீட்டினாள். நெருங்கிய உறவினர் பெயர் என்ற இடத்தில் 'விஜயன்' என்று என் பெயர், அண்ணன் கையால் எழுதியது. அப்பா பெயர் காலி. அவருக்கும் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். உறவு என்ற இடத்தில் 'லாவான்' என்று எழுதியிருந்தது.

மிஸ்ஸி சிரித்தாள். மலாயில் லாவான் என்றால் எதிராளி, காவான் என்றால் கூட்டாளி. ஓர் எழுத்துதான் வித்தியாசம். "மாமா தப்பா எழுதிட்டார் போல. நீங்களே திருத்திக் கையெழுத்துப் போடுங்க," என்று மலாயில் சொன்னாள். முதலில் ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

சன்னல் ஓரக் கட்டில். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள், பிளாஸ்க், ஆரஞ்சுப் பழம். இவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய துணிப்பைதான் உட்கார்ந்திருந்தது.

"வா தம்பி," என்றார். "போத்தோங் ஆச்சு."

துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதினோரு வருஷம் கழித்துக் கேட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனதாம், அம்மா போனபோது அவருக்கு ஐம்பது வயது. பெர்மாஸ் ஜெயாவில் இருந்த அக்கா செசிலியாவும் இறந்து ஆறு வருஷம். வீடு எங்கே என்று கேட்டேன். செல்வராணி அக்கா கடைக்குப் பின்னால் இருக்கிற பிளாட், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சன்னலில் நின்றால் எங்கள் மேசை தெரியுமாம். திங்கட்கிழமை ஐந்து மணியிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாங்கள் வருமுன் இறங்கிவிடுவாராம்.

"ஒரு வார்த்த போன்ல சொல்லக் கூடாதாண்ணே?"

"கூப்புட்டு என்னா சொல்றது? ரேஸத் தவிர நாம வேற எதும் பேசினது இல்லையே." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கெழம உன் மெசேஜ் பாத்தேன். 'போத்தோங் ஆச்சா அண்ணே'ன்னு கேட்டிருந்த. அதுக்கப்புறந்தான் மிஸ்ஸிகிட்ட உன் பேரக் குடுத்தேன்," என்றார்.

என் காது இரண்டும் சுட்டது. நான் நலம் விசாரித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மஞ்சள் மூஞ்சிகளை அழுகிற மூஞ்சி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"ரேஸ் என்னாச்சு?" என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒரு பாயிண்ட் கூட விட்டுக்கொடுக்காத நான், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "துரைதாண்ணே ஜெயிச்சாரு. கடைசி வரைக்கும் பொடியனால கிட்டக்கூட வர முடியல."

அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொய்யி சொல்லாத தம்பி. பக்கத்துக் கட்டில்காரரு போன்ல அன்னிக்கே பாத்துட்டேன். கடைசித் திருப்பத்துல போத்தோங். நீ கிண்டலுக்குத்தான் கேட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணே..."

"கிண்டலுக்கோ எதுக்கோ, கேட்டது நீ ஒருத்தன்தான். வேற யாரு கேட்டா?"

நான் அழுதேன். வார்டு முழுக்கப் பார்த்தது, பார்க்கட்டும் என்று அழுதேன். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "உள்பக்கம் எடம் குடுத்தது துரை தப்பு இல்ல. டயர் தேஞ்சு போச்சு. எல்லாம் அந்தக் கங்காணி செஞ்ச வேல," என்றார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "டயர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாண்ணே. உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியல."

அவர் நிமிர்ந்து உட்கார முயன்றார். முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை சண்டை போட்டோம்.

போகும்போது மிஸ்ஸி பாரத்தை மறுபடி எடுத்து வைத்தாள். அப்பா பெயரை நான் நிரப்பினேன். லாவான் என்பதைக் காட்டி, திருத்தவில்லையா என்று கேட்டாள்.

"சரியாத்தான் எழுதியிருக்காரு," என்று அவளிடம் மலாயில் சொல்லிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.