லோஷினி எதையும் அழிப்பதில்லை

வைரஸ் புகுந்த கணினியென்றால் மலேசியாவின் சிகாமட் ஊரில் மற்ற கடைக்காரர்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். லோஷினி மாட்டாள். முன்பு வேலை பார்த்த சிங்கப்பூர்க் கடையின் முதலாளியோடு இதற்காகவே சண்டை போட்டு வெளியேறி, சொந்தக் கடை வைத்தவள்.

உறுமி மேளக் குழுவை நடத்தும் தீபன் மடிக்கணினியோடு வந்தான். இறந்துபோன பாடகர் சுகுமாறனின் பாட்டுகள் அதில் மட்டுமே இருந்தன.

அவள் வைரஸை நீக்கியபின் பார்த்தால், பாட்டுகள் இருந்த இடம் காலி.

“அலமாக்! ஐயோ, எல்லாம் போச்சாக்கா?”

“கத்தாத லா. வைரஸ் ஒளிச்சு வச்சிட்டுப் போயிருக்கு.”

தேடி மீட்டாள். சுகுமாறனின் குரல் கடையை நிறைத்தது. பாட்டுகளை எடுத்துக்கொள்ளத் தீபன் உடனே பென்டிரைவைச் செருகப் போனான். போகிற கோயில்களின் கணினிகளிலெல்லாம் அதைத்தான் மாட்டுவார்கள். லோஷினி பிடுங்கிக்கொண்டாள்.

“இதுலதான் வைரஸ் கோயில் கோயிலா சுத்துது. குத்தினா மறுபடியும் பாட்டு போயிடும். சுத்தம் பண்ணாம தரமாட்டேன்.”

“திருவிழாவுக்கு நேரமாச்சுக்கா. கோயில் தலைவர் ஏசுவாரு.”

“இங்க வந்து ஏசச் சொல்லு.”

அவன் கைப்பேசி அடித்தது. தலைவர்தான். லோஷினியே எடுத்தாள்.

“தீபன் இங்கதான் இருக்கான், தலைவரே. வேலை முடியாம அனுப்பமாட்டேன். நீங்களும் கோயில் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வாங்க.”