பாதை விட்டுக் கட்டிய ஊர்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கல்லூரி மாணவி ஒருத்தி, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்தச் சத்தப் பிரியர்களைக் கண்டாலே ஆகாது. நாலு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பியபோது அந்தப் போனிலிருந்து மரம் வெட்டும் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். அதே பொடி மனிதர்கள், அதே குடிசைகள். அந்தப் பெண் போனைச் சற்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தலை நரைத்த ஒருத்தி இப்படி எட்டிப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு மூக்கில் பூச்சிமருந்து நெடி ஏறியது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. படிப்பை முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். டைப்பிங்கும் டி.டி.பி.யும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கீழே மருந்துப் பெட்டி இறங்குகிற நாளில் மேலே எங்களுக்குத் தலை கிறுகிறுக்கும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விடச் சொல்வார் ஓனர். மருந்து நெடி எங்களுக்கு ஆகுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எங்களுக்கு என்றால் எனக்கும் கலைச்செல்விக்கும். அவளும் அங்கே சொல்லிக்கொடுப்பவள்தான். அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா மானாவாரி விவசாயி. மழையை நம்பி விதைக்கிற அந்த நிலத்தை அவர்கள் ஊரில் கொல்லை என்பார்கள். கடலை போடுவார்கள், பிறகு கம்பு. அந்தக் கொல்லைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருந்ததுதான் வினை. சிமெண்டுக்குக் கல் எடுக்க நிலம் கேட்டுப் புரோக்கர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது. அவள் அப்பா மட்டும் முடியாது என்று உட்கார்ந்திருந்தார். கொல்லை நிற்குமா போகுமா என்பதுதான் அவர்கள் வீட்டில் அந்த வருடம் முழுக்கப் பேச்சு.

சென்டரில் காலை வகுப்புப் பிள்ளைகள் மதிய பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டால், மறுபடி ஆள் வருவது சாயங்காலம்தான். ஓனர் திருச்சியில் இருந்தார், சனிக்கிழமை மட்டும் வருவார். இப்படி இரண்டு பேரை ஒரு அறையில் சும்மா விட்டு வைத்தால் என்ன ஆகும்? மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் மறந்துவிட்டுப் போன ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தோம். பழங்கால ராஜ்ஜியங்கள் பற்றிய விளையாட்டு. எகிப்து, கிரேக்கம், பாபிலோன் என்று கேட்டது. எகிப்துக்காரர்கள்தான் வேட்டி மாதிரி எதையோ கட்டியிருந்தார்கள், அதனால் எகிப்து எடுத்தோம்.

எதிரி என்று ஒருவன் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. ஊர் நடத்துகிற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டோம். மரம் வெட்டினோம், வீடு கட்டினோம், வயல் போட்டோம். ஒரு மதியம் திரையின் மூலையிலிருந்து சிவப்புத் துணி கட்டிய ஆட்கள் வந்து எல்லாவற்றையும் கொளுத்தினார்கள்.

"யாருடி இவனுங்க? நாம இவனுங்கள என்ன பண்ணோம்?" என்று கேட்டாள் கலைச்செல்வி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவதில்லை அது. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வேலையை முடித்துவிடுவான். எனக்கு டைப்பிங் வேகம் கைகொடுத்தது. கலைச்செல்விக்கு என்னைவிட வேகமான விரல்கள், ஆனால் அவள் விவசாயம் பார்த்தாள். அந்த விளையாட்டில் வயல் கொஞ்ச நேரத்தில் தேய்ந்துபோகும், உடனே அதே இடத்தில் புதிது போட வேண்டும். இவள் போடமாட்டாள். "மண்ணு செத்துப்போச்சுடி. ஒரு போகம் தரிசா கெடக்கட்டும்" என்பாள். அதற்குள் அவளுடைய ஆட்கள் சோறில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அதைவிடக் கொடுமை, பாதை. ஒவ்வொரு வயலுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம் விடுவாள். அந்தப் பொம்மை மனிதர்கள் வயல் மேலேயே நடந்துபோவார்கள், பாதையே வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"பாதை இல்லாம கொல்லைக்கு எப்படிடி போவாங்க?"

அவள் ஊர் அகலமாகப் பரந்து கிடக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் எதிரி சாவகாசமாக உள்ளே வருவான்.

பிறகு இரண்டு கம்ப்யூட்டரை வயரால் இணைத்து ஒருத்தியை எதிர்த்து ஒருத்தி ஆடப் பழகினோம். ஒருநாள் எனக்குப் பெரிய மூளை வேலை செய்தது. சண்டைக்கே போகாமல், அவள் ஊரைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினேன். தங்கம் வெளியே, மரம் வெளியே, அவள் உள்ளே. சுவரை உடைக்கும் வண்டி செய்யவே தங்கம் வேண்டும். ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்ததை அவள் கவனிக்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுலயும் இதான்டி நடக்குது" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விற்றுவிட்டார்களாம். நாலு பக்கமும் வேலி போட்டாயிற்று. அவர்கள் கொல்லை நடுவில் மாட்டிக்கொண்டது. வண்டிப்பாதை பக்கத்துக்காரர் நிலத்தில்தான் காலங்காலமாக ஓடியிருக்கிறது. பத்திரத்தில் அது கிடையாது, வாய்வார்த்தைதான். இப்போது ஏர் போகவும் வழியில்லை, விளைந்ததை எடுத்துவரவும் வழியில்லை. யாரும் அவள் அப்பாவை மிரட்டவில்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் அவளே சொன்னாள். "நேத்து மாரியே சுத்திக் கட்டுடி. எப்படி வெளிய வரதுன்னு பாக்குறேன்."

கட்டினேன். தினமும் மதியம் நான் சுவர் எழுப்புவேன், அவள் உள்ளேயிருந்து வழி தேடுவாள். விளையாட்டு என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒருநாள், நான் கடைசிக் கல்லை வைப்பதற்குள் ஒரே ஒரு ஆளை வெளியே ஓட்டிவிட்டாள். அவன் தூரத்தில் தனியாகத் தங்கம் வெட்டினான், வீடு கட்டினான், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஊரையே எழுப்பிவிட்டான். அன்றைக்குத்தான் அவளிடம் நான் முதல் தடவை தோற்றேன்.

"ஒரு ஆளு வெளிய இருந்தா போதும்டி" என்றாள்.

அந்தப் பொங்கல் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனி ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் வேலை. "நான் அனுப்புறத வச்சு அப்பா தாக்குப் புடிச்சுக்குவாரு. போயிட்டு வரேன்" என்றாள். கடலை பிடுங்கும்போது வந்துவிட்டுப் போ என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கொல்லை எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்புதான். இரண்டு மழை தாக்குப்பிடித்தார்கள், அதற்குப் பிறகு கொல்லையும் கைமாறிவிட்டது. வெளியே நின்ற ஆள் வெளியே ஊர் கட்டலாம், உள்ளே இருப்பதைக் காப்பாற்ற முடியாது என்பதை எங்களுக்கு அந்த விளையாட்டு சொல்லித்தரவில்லை.

பஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்டதும் கலைச்செல்விக்குப் போன் போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. அப்பா அவளோடுதான் இருக்கிறாராம், நினைவு முன்னே பின்னே ஆகிவிட்டதாம். "அரியலூர்தான போற? எங்க கொல்லைய ஒரு எட்டு பாத்துட்டு வாயேன். என்னால முடியல" என்றாள்.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போனேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வேலி ஓரத்தில் நின்றிருந்த காவலாளியிடம் அவள் அப்பா பெயரைச் சொல்லி, அவர் கொல்லை எங்கே இருந்தது என்று கேட்டேன். உள்ளூர்க்காரர். யோசித்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே, வெகு கீழே, பச்சையாகத் தண்ணீர்.

மறுபடி போன் போட்டேன், கலைச்செல்வி காத்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு கிழக்குரல் திரும்பத் திரும்ப எதையோ கேட்டது.

"அப்பா கேக்குறாருடி. பாதை வுட்டுட்டாங்களான்னு."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு டிப்பர் லாரி எதிரெதிரே போகும் அகலத்துக்குப் பள்ளம்வரை ரோடு போட்டிருந்தார்கள்.

"வுட்டுட்டாங்கன்னு சொல்லுடி" என்றேன்.

சொன்னாள். பிறகு பெரியவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்ப இந்த ஆடிக்குக் கடலை போட்டுடலாம்."