கிளாரன்ஸ் கொண்டுவந்த நார்வே ஜெபப் பலகை

‘தெரியாது’ என்று சொல்ல கிளாரன்ஸுக்கு நாக்கு வளையாது. விவேக் நகரில் யார் எதைக் கேட்டாலும் கைவசம் பதில் இருக்கும்; சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

வேலை பத்ரிநாத்தின் நாற்காலி ஷோரூமில். எல்லாம் நார்வேக்காரர்கள் வடிவமைத்தவை. தூசி தட்டிக்கொண்டே, முதலாளி வாடிக்கையாளர்களிடம் அளப்பதைக் காதில் போட்டுக்கொள்வார். உலகப் போர் முடிந்ததும் சின்ன வீட்டுக்காரர்களுக்காக மெலிந்த மர நாற்காலி செய்தார்களாம். பின்னால் வந்தவர்கள், மனுஷன் ஏன் அசையாமல் உட்கார வேண்டும் என்று கேட்டார்களாம். இப்போது பழைய மீன்வலையை உருக்கிக்கூடச் செய்கிறார்களாம். சாயங்காலம் அதே கதை, சொந்தச் சரக்காக டீக்கடையில் இறங்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு, வரும் வழியில் கீறல் விழுந்த ஒன்றை பத்ரிநாத் அவருக்கே கொடுத்துவிட்டார். சாய்மானம் கிடையாது. மேலே சரிவாக ஒரு மெத்தை, கீழே ஒரு மெத்தை, அடியில் வளைந்த இரண்டு கட்டைகள். கோயிலே கதியென்று வளர்ந்த கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? கீழே முழங்கால், மேலே முழங்கை. நார்வேயில் இதில்தான் ஜெபம் செய்வார்கள் என்று மனைவி கேத்தரினிடம் அடித்துச் சொல்லி, வீட்டுப் பீடத்துக்கு முன்னால் போட்டார். சிமெண்டுத் தரையிலேயே முழங்கால் போட்டுத் தேய்ந்தவள் அன்று அழுதேவிட்டாள்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து என்ற தவக்காலத்தில் அதே மாதிரி இன்னொன்று ஷோரூமுக்கு வந்தது. பத்ரிநாத் மேல் மெத்தையில் உட்கார்ந்து, கால்களைப் பின்னால் மடக்கிக் கீழ் மெத்தையில் ஊன்றி, லேப்டாப்பில் தட்டிக் காட்டினார். ஆபீஸ் நாற்காலி. கையில் துணியோடு நின்ற கிளாரன்ஸுக்குக் காது சுட்டது.

வீட்டில் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அந்தப் பலகை முன்னும் பின்னும் ஆடும். விழாமலிருக்க அழுத்தி அழுத்தியே கேத்தரினின் முழங்கால் வீங்கியது. அவரே எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிட்டார். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அக்டோபரில் ஜெபமாலைக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. பக்கத்து வீட்டு ஐடி பையன் டிரேவர் குனிந்து பார்த்தான்.

“அங்கிள், எங்க டீம் லீடு இதுல உக்காந்துதான் கோடிங் எழுதுறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். கேத்தரினுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலிக் கடையிலேயே இருக்கிற மனுஷனுக்குத் தெரியாதா, நேற்று வேலைக்குப் போனவன் சொல்ல வந்துட்டான் என்று டிரேவரை ஒரு பிடி பிடித்தாள். அதற்குமேல் கிளாரன்ஸால் சும்மா நிற்க முடியவில்லை.

“அவன் சொல்றது சரிதான் கேத்தி. அது சேர்தான். எனக்குத் தெரியும்.”

“எப்போலருந்து?”

“லெந்துலருந்து.”

“அப்போ எண்ணெ தேச்சுவிட்டப்பல்லாம் தெரியும்.”

அவர் தலையாட்டினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கேத்தரின் அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் முழங்கால் போட்டு ஜெபமாலையைத் தொடங்கினாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே போகத்தான் கிளாரன்ஸுக்குக் கால் வரவில்லை. வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே, வாசலிலேயே முழங்கால் போட்டார்.