தானாக நகரும் நாற்காலிகள்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான்காம் வகுப்பு, என்னுடையது. அந்தப் பக்கம் நாற்காலி டீச்சருடையது. பிள்ளைகள் வைத்த பெயர் அது. நான் மும்முரமாக வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு போகும். எனக்குப் பல் கூசும். என் பிள்ளைகளோ, "யாரோ போயிட்டாங்க டீச்சர்" என்று சந்தோஷமாகக் கிசுகிசுப்பார்கள்.

விஷயம் இதுதான். அவள் வகுப்பில் நான்கு மேஜைகள். முதல் மேஜையில் சின்னச் சின்ன வார்த்தைகள் உள்ள புத்தகங்கள். அடுத்தடுத்த மேஜைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகும். நான்காவதில் பக்கம் பக்கமாகக் கதை. ஒரு மேஜையில் உள்ளது தனக்கு வந்துவிட்டது என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறதோ, அது தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய் ஒரு பக்கம் வாசித்துக் காட்டும். வாசிக்க வரவில்லையா, திரும்பி வந்து உட்காரலாம், யாரும் சிரிக்கக்கூடாது. டீச்சர் மட்டும் எந்தப் பிள்ளையையும் "போ" என்று சொல்லமாட்டாள். அதில் ஒற்றைக்காலில் நிற்பாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "உன் கிளாஸ் மாதிரி நான் பஸ் ஓட்டினா, டிப்போவை விட்டு வெளியவே வரமாட்டேன்" என்று கிண்டல் செய்வார். "உங்க பஸ்ல ஏறினவங்க எல்லாரும் ஒரே ஸ்டாப்லயா இறங்கறாங்க?" என்பாள் இவள். 

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. சின்ன வயதில் ஆள் வளர்த்தியாக இருந்தாள் என்பதற்காக அவள் அப்பா சண்டை பிடித்து ஒரு வகுப்பு தாண்டிச் சேர்த்துவிட்டாராம். எல்லாரும் சேர்ந்து பாடம் வாசிக்கும்போது இவள் வாயை மட்டும் அசைப்பாள். "எப்ப மாட்டுவோமோன்னு பயந்து பயந்தே வளர்ந்தேன்க்கா. அந்தப் பயம் என் கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கும் வரக் கூடாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். எனக்கு அவள் முறையில் பாதி நம்பிக்கைதான். ஆனால் அவளிடமிருந்து என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எழுத்தைக் கண்டு மிரள்வதில்லை. அதை நான் மறுக்க முடியாது.

இந்த வருஷம் பாதியில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வைத்த இடத்தில் இருப்பாள் என்பதால் பிள்ளைகள் அவளைப் பொம்மை என்றார்கள். முதல் மேஜையில் உட்கார்ந்தவள்தான், அசையவில்லை. அவள் வந்தபோது அதே மேஜையில் இருந்தவர்கள்கூட நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "முதுகுல ஒரு தட்டு தட்டி அனுப்பேன்" என்றேன். "அவளுக்கே தோணும்க்கா" என்றாள் டீச்சர். சொல்லும்போதே குரல் இறங்கியிருந்தது.

பெரிய சார், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர், கெட்டவர் இல்லை, பொறுமை மட்டும் கம்மி. "மாசக்கணக்கா ஒரே மேஜை. திங்கக்கிழமையிலிருந்து அந்தப் பொண்ணு ரெண்டாம் வகுப்புல உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். ரெண்டாம் வகுப்பில் இருப்பது அவளுடைய சொந்தத் தம்பி. டீச்சர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "நான் காத்திருந்தது தப்பாக்கா? அந்தப் பிள்ளையை நானே பள்ளத்துல தள்ளிட்டேனா?" என்றாள். என் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

சாயங்காலம் பொம்மையின் அம்மாவை அந்த வகுப்புக்கே வரச் சொல்லியிருந்தார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். சாக்பீஸ் கேட்கும் சாக்கில் நானும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி பக்கத்துல உக்கார வெச்சா அப்புறம் இவ பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டா சார்" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் போறாங்கல்ல? நீ மட்டும் ஏண்டி போகல?" என்று கேட்டாள்.

"நீதானம்மா சொன்ன" என்றது பொம்மை.

"நான் என்ன சொன்னேன்?"

"டீச்சர் சொல்லாம இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு. டீச்சர் சொல்லவே இல்ல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய பள்ளியில் இவள் ஓரிடத்தில் உட்காராமல் சுற்றுகிறாள் என்று ஓயாமல் புகாராம். அதனால் இங்கே சேர்த்த அன்றே கண்டித்து அனுப்பியிருக்கிறாள். பிள்ளை எழுந்திருக்கட்டும் என்று டீச்சர் காத்திருக்க, டீச்சர் சொல்லட்டும் என்று பிள்ளை காத்திருக்க, மாதங்கள் ஓடிவிட்டன. எனக்குச் சிரிப்பு முட்டியது. பெரிய சார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டாள். "இங்க யாரும் சொல்லணும்னு இல்லடா கண்ணு. அதை முதல் நாளே உன்கிட்ட சொல்லியிருக்கணும். உனக்கு எது வருமோ அந்த மேஜைக்குப் போ."

பொம்மை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். நாற்காலி கிளம்பியது. இரண்டாவது மேஜையைத் தாண்டியது. மூன்றாவது மேஜையில் நின்றது. புத்தகத்தைத் திறந்து, விரலை வரிக்கு அடியில் வைத்து வாசித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள். ஓரிடத்தில் தடுக்கியது. திரும்பிப் போய்த் தானே சரிசெய்துகொண்டு பக்கத்தை முடித்தாள்.

"இதெல்லாம் எப்ப படிச்ச?" என்றார் பெரிய சார்.

"மத்தவங்க வாசிக்கறப்போ கேட்டுக்கிட்டே இருப்பேன் சார். விளையாட விடறப்போ புத்தகத்தை எடுத்துப் பாப்பேன்."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, இவ இங்கேயே இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. டீச்சர் அங்கிருந்த குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது எனக்கும்.

பெரிய சார் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். பழக்கம் எங்கே போகும்? "இவ்வளவு தெரியுதே, நாலாவது மேஜைக்கே போயிடேன். வருஷம் முடியப் போகுதில்ல?" என்றார்.

பொம்மை அந்த மேஜையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி மறுத்தாள். "அது எனக்கு இன்னும் வரல சார். வந்ததும் போறேன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சரைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் விட்டுவிட்டாள்.