ஆறரை மணிக் கல்யாணம்

ஞானபாக்கியம் கணவரின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் கூடாரம்போல் எழும்பி அப்படியே நின்றது. எண்ணினாள். மூன்று வரை எண்ணிய பிறகுதான் படிந்தது.

“நாக்க நீட்டுங்க.”

“மக கல்யாணத்துக்குக் கோயில் வாசல்ல வந்து இறங்கினவன நாக்க நீட்டச் சொல்லுதா. நல்ல பொம்பள,” என்றார் ஜெபசிங். ஆனாலும் காருக்குள் இருந்தபடியே நீட்டினார். நாக்கு காய்ந்த அட்டைபோல் இருந்தது.

ஞானபாக்கியம் இருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். இதயத்தில் பழுது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் கணக்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாட்டிலில் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி அவளே கோடு போட்டிருந்தாள். இன்று ஒரு கோடும் இறங்கவில்லை.

“நேத்து?”

அவர் கோயில் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து பாட்டில் காலியாத்தான இருந்துது?”

“கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன்.”

மே மாதத்தில் அந்தச் செடியின் தூர் ஈரமாக இருந்ததை இரண்டு நாளாகப் பார்த்திருந்தாள். பாத்திரம் கழுவ வருகிறவள் ஊற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாண வீட்டில் எத்தனையைத்தான் கேட்பது?

அவள் முப்பத்தொரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். செங்கோட்டையில் தொடங்கித் தென்காசியில் ஓய்வு பெற்றாள். கத்திரி வெயிலில் நடக்கும் கல்யாணங்களை அவள் வார்டு வாசலிலிருந்துதான் அறிந்திருந்தாள். பட்டுச்சேலையோடு மயங்கியவர்கள் வருவார்கள், சமையல்காரர்கள் வருவார்கள். ஒரு வருஷம் பெண்ணின் தகப்பனாரையே கொண்டுவந்தார்கள். மண்டபத்தில் வந்தவர்களைக் கும்பிட்டு நின்றவர், அப்படியே சரிந்துவிட்டார். கையில் சந்தனம் காயவில்லை. வீங்கிய விரலில் சோப்பைத் தேய்த்து மோதிரத்தைக் கழற்றி, மாலையும் கழுத்துமாக வாசலில் நின்ற மகளிடம் அவள்தான் கொடுத்தாள். அந்தப் பெண் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, “அப்பா எப்ப வருவாங்க?” என்று கேட்டாள்.

இதை ஞானபாக்கியம் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் மகள் பெர்சிஸுக்கு வரன் அமைந்து, மாப்பிள்ளை பெலிக்ஸுக்கு மஸ்கட்டில் லீவு மே மாதம்தான் என்று தெரிந்ததும் ஒரு நோட்டு வாங்கினாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், லெந்து நாளில், கல்யாணம் வைக்கக் கூடாது. ஈஸ்டர் முடிந்தால் கத்திரி. வேறு வழியில்லை. ஆறரைக்கு ஆராதனை, எட்டரைக்கு இலஞ்சி மண்டபத்தில் பந்தி, பதினொன்றுக்குள் எல்லோரும் அவரவர் வீட்டில். முற்றத்துத் தகரப் பந்தலுக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து முந்தின இரவே நனைத்துவிட வேண்டும். மேடையில் போட்டோக்காரரின் பெரிய விளக்கு கிடையாது. மோருக்கு எத்தனை கிராம் உப்பு என்பதுகூட நோட்டில் இருந்தது.

“குற்றாலத்துல வச்சா குளுகுளுன்னு இருக்குமே,” என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள்.

“சாரலுக்கு ஜூன் ஆகணும். இப்பம் அங்கன பாறைதான் வெயில்ல குளிக்குது,” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஜெஸிக்கு நேரம்தான் பிடிக்கவில்லை. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பம். “விடியக்காலம் வந்து நிக்க எம் மவன் என்ன பால்காரனா மைனி?” என்று போனில் கேட்டாள். இரண்டு வாரம் இழுபறிக்குப் பிறகுதான் சம்மதித்தாள்.

இப்போது மணி ஆறு பத்து.

“ஒண்ணுக்குப் போகவைக்குத தண்ணி மாத்திரையையும் போட்டுக்கிட்டு, தண்ணியையும் குடிக்காம இருந்திருக்கீங்க. ஏன்னு சொல்லுங்க.”

ஜெபசிங் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இருபது வருஷம் சபையின் கமிட்டியிலும் இருந்தார். ஆராதனை நடுவில் எழுந்து வெளியே போகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவர்.

“குருத்தோலை ஞாயித்துக்கிழம பிரசங்கத்துல எந்திரிச்சு வெளிய வந்தேன்லா,” என்றார் மெதுவாக. “கக்கூஸ் பின்னால அந்தக் கடைசியில இருக்கு. வேப்பமரம் வரைக்கும்தான் தாக்குப்பிடிச்சுது. வெள்ளப் பேண்ட். அன்னைக்கு யாரும் பாக்கல.”

அன்று அவர் அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து பேண்ட்டைத் தாமே துவைத்துப் போட்டிருந்தார். வியர்வை என்றார். அவளும் நம்பினாள்.

“இன்னைக்கு நானூறு பேரு ஞானம். வீட்டுக்கு அனுப்பிராத. அவ கையப் பிடிச்சுட்டு நான்தான் நடக்கணும். யார்ட்டயும் சொல்லவும் செய்யாத.”

நோட்டில் நானூறு பேருக்கும் இடம் இருந்தது. அவர் எங்கே போய் ஒன்றுக்கு இருப்பார் என்று ஒரு வரி இல்லை.

ரத்த அழுத்தம் பார்த்தாள். மேலெண் எண்பத்தெட்டு. வார்டில் என்றால் யோசிக்காமல் படுக்கச் சொல்லியிருப்பாள்.

“முக்கா மணி நேரம். நான் குடுக்குதத ஒவ்வொரு மடக்காக் குடிக்கணும். இன்னைக்கு மாத்திரை கிடையாது. நூறத் தொட்டா நடங்க. தொடலன்னா நான் சொல்லுதபடி கேக்கணும். சரியா?”

“சரி டீச்சர்,” என்றார். சிரிக்க முயன்றார். உதடு வெடித்திருந்தது.

அவளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆனந்தவள்ளி மருந்துப் பெட்டியோடு வந்திருந்தாள். உப்புச்சர்க்கரைப் பொடியை வாங்கிக் கலக்கிக்கொண்டே ஞானபாக்கியம் சொன்னாள்: “ஏட்டி, நீ வந்த கார எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, ஏழு மணிக்குத் திரும்பி வா.”

“எதுக்கு?”

“கேக்காத. போ.”

பிறகு சபைப் போதகரான ஐயர் அங்கி மாட்டிக்கொண்டிருந்த அறைக்குப் போனாள். வாசலில் ஜெஸியும் நின்றாள். இருவருக்கும் கேட்கும்படி ஞானபாக்கியம் சொன்னாள்.

“ஐயரே, மாப்பிள்ளைக்குப் போடுத மோதிரத்த வீட்டுல மறந்துட்டேன். ஆள் போயிருக்கு. ஏழேகாலுக்குத் தொடங்கணும்.”

மோதிரம் அவள் கைப்பையில் இருந்தது. ஆலயத்துக்குள் நின்று அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நல்லாருக்கு மைனி,” என்றாள் ஜெஸி. “மோருக்கு உப்ப நிறுத்துப் பாத்த ஆளுக்கு மோதிரம் மறந்துட்டு. மூணு மணிக்கு எழுப்பி எங்கள வேன்ல ஏத்தினது எதுக்கு? கோட்டு போட்ட பிள்ள வெந்துருவான்.”

“என் தப்புதான் மைனி. கோட்டக் கழட்டிட்டு இருக்கச் சொல்லுங்க.”

அங்கி அறையை ஒட்டிய பக்கவாசலில் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். அங்கிருந்து ஐயர் வீட்டுக் குளியலறைக்குப் பத்தடி. அவுகளுக்குக் காத்து வேணும் என்று மட்டும் ஐயரிடம் சொன்னாள். ஜெபசிங்கை அதில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றாள். டம்ளரை அவர் கையில் தரவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. கிழக்கு ஜன்னல் வழியாக முதல் நான்கு வரிசைகளில் விழுந்தது. ஆறரைக்குத் தொடங்கியிருந்தால் வசனம் வாசித்து முடிந்திருக்கும். விசிறிகள் அசையும் ஓசை கேட்டது. ஒவ்வொரு நிமிஷமும் யார் மேலோ ஏறுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறே முக்காலுக்குத் தொண்ணூற்றி நாலு. ஏழுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆனந்தவள்ளி திரும்பி வந்தபோது வாசலிலேயே மோதிரப் பேச்சு காதில் விழுந்திருந்தது; வெறுங்கையை மூடி, மோதிரத்தை வைப்பதுபோல் அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு பன்னிரண்டுக்கு நூற்றிரண்டு.

“எந்திரிங்க. மெதுவா.”

பெர்சிஸ் ஐயர் வீட்டிலிருந்து வந்தாள். “மோதிரத்த மறந்துட்டியாம்மா? நீயா?” என்றாள். ஞானபாக்கியம் அவள் முக்காட்டைச் சரிசெய்தாள்.

ஜெபசிங் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து பீடம் வரை நடந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. உதடு அசைந்ததை வைத்து அடிகளை எண்ணுகிறார் என்று தெரிந்துகொண்டாள். அவளும் எண்ணினாள். நாற்பத்தொன்று. மகளின் கையை ஒப்படைத்துவிட்டு, முன் வரிசைக்குப் போகாமல் பக்கவாசல் நாற்காலிக்கு வந்தார். தாலி கட்டும்போது ஒரு தடவை எழுந்து வெளியே போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மோதிரம் மாற்றுவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மோதிரத்தை ஐயர் கேட்டபோது அவள் கைப்பையைத் திறந்து எடுத்தாள். ஜெஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்திக்கு அவர்கள் இருவரும் போகவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் படுக்கவைத்தாள். கடைசிப் பந்தி பதினொன்றே முக்காலுக்கு முடிந்ததாகவும், புளியங்குடி வேனில் ஒரு பெரியம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகவும் ஆனந்தவள்ளி போனில் சொன்னாள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் பந்தல்காரர்கள் கீற்றையும் தகரத்தையும் இறக்கினார்கள். பெர்சிஸ் போனில் பேசினாள். மாமியார் வீட்டில் எல்லோரும் மோதிரக் கதையைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றாள். ஞானபாக்கியம் ஜெஸியைக் கூப்பிட்டு, வாந்தி எடுத்த பெரியம்மாவை விசாரித்தாள். கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்று பதில் வந்தது. மீந்த உப்புச்சர்க்கரைப் பொட்டலங்களை எண்ணாமல் டப்பாவில் போட்டு மூடினாள். கொத்தனார் வந்து, படுக்கையறைக்குப் பக்கத்திலேயே கழிவறை வைக்க இடத்தை அளந்துவிட்டுப் போனார். ஜெபசிங் இரண்டு இட்லி சாப்பிட்டார். மத்தியானம் பாட்டிலில் மூன்று கோடு இறங்கியிருந்தது. அவள் பின்கட்டுக்குப் போய்க் கறிவேப்பிலைத் தூரில் விரலை வைத்துப் பார்த்தாள். மண் காய்ந்திருந்தது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.